உறங்குகிறவர் அறியாத நோய்கள்

காய்ச்சல் வந்தால் வந்தவருக்குத் தெரியும். பல்வலி என்றால் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தூக்கத்தில் வரும் நோய்கள் அப்படியல்ல. அவற்றைக் கடைசியாக அறிபவர் நோயாளியே. "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று மருத்துவர் கேட்கிறார். "படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம், டாக்டர்" என்கிறார் கணவர். அருகில் நிற்கும் மனைவியோ, அவர் எப்போது மறுபடி மூச்சு விடுவார் என்று காத்திருந்தே பாதி இரவைக் கழித்தவர். அவரை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரையின் நோக்கம் அந்தச் சாட்சியைப் பேச வைப்பதே. மும்பையில் நம்மில் பலர் ஒரே கோலியில் நான்கைந்து பேராகப் படுத்துறங்கும் குடும்பத்தினர். இட நெருக்கடியைப் பற்றி நாம் குறைபட்டுக்கொள்வது வழக்கம்தான். ஆயினும் தூக்க நோயைக் கண்டுபிடிக்கும் விஷயத்தில் அந்த நெருக்கமே நமக்கு ஒரு வசதி. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

மாஹிமில் நடந்த ஓர் ஆய்வு

குறட்டை என்றால் கும்பகர்ணனைச் சொல்லிச் சிரிப்பது நம் வழக்கம். குறட்டை விடுபவர் ஆழ்ந்து உறங்குகிறார் என்றும் நினைக்கிறோம். அது எவ்வளவு தவறான எண்ணம் என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்று நம் மாஹிமிலேயே நடந்தது.

மாஹிம் கடலோரத்தில் உள்ள பி.டி. இந்துஜா மருத்துவமனையின் நெஞ்சக நோய் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் அவருடைய குழுவினரும், அங்கே வழக்கமான உடல்நலப் பரிசோதனைக்கு வந்த 35 முதல் 65 வயது வரையிலான ஆண்களிடம் தூக்கத்தைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தனர். 658 பேர், அதாவது 100-க்கு 94 பேர், அதை நிரப்பித் திருப்பித் தந்தனர். அவர்களில் 250 பேருக்கு அவரவர் வீட்டிலேயே ஓர் இரவு முழுவதும் கருவி பொருத்தித் தூக்கம் அளக்கப்பட்டது. முடிவுகள் 2004-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயின.

இவர்கள் தூக்க நோய் என்று வந்தவர்கள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. அப்படியிருந்தும், தூக்கத்தில் மணிக்கு 5 முறையோ அதற்கு மேலோ மூச்சு நின்றோ குறைந்தோ போகும் நிலை 100-க்கு 19.5 பேரிடம் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர்! அத்துடன் பகலில் மிகுந்த தூக்கக் கலக்கமும் சேர்ந்தவர்கள் 100-க்கு 7.5 பேர், அதாவது சுமார் 13 பேரில் ஒருவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்து 1993-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், பகல் தூக்கமும் சேர்ந்த இந்நோய் ஆண்களில் 100-க்கு 4 பேருக்கு இருந்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல. எனினும் "இது பணக்கார நாட்டு வியாதி, நமக்கு வராது" என்ற எண்ணத்துக்கு இடமில்லை என்பது தெளிவாகிறது.

உடல் பருமன், கழுத்தின் சுற்றளவு, நீரிழிவு ஆகிய மூன்றும் இந்நோயுடன் சேர்ந்து காணப்பட்டதையும் அந்த ஆய்வு சொன்னது. நீரிழிவு இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று எத்தனை இருக்கும்? ஆகவே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி இது.

மூச்சு ஏன் நிற்கிறது?

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக இருந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன. நாக்கும் பின்னோக்கிச் சரிகிறது. பாதை குறுகும்போது உள்ளே செல்லும் காற்று மென்தசைகளை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வுதான் குறட்டை. பாதை முழுவதும் மூடிக்கொண்டால் குறட்டையும் நின்றுவிடும். மார்பும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடும்; காற்றோ உள்ளே போகாது. 10 விநாடி, 20 விநாடி, சில வேளை அதற்கு மேலும் இப்படிக் கழியும். இரத்தத்தில் பிராணவாயு குறையும். உடனே மூளை எச்சரிக்கை அடைந்து, உறங்குபவரை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெருந்திணறலுடன் மூச்சு திரும்பும்; குறட்டை மீண்டும் தொடங்கும்.

இதையே மருத்துவத்தில் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். நாம் தூக்க மூச்சடைப்பு என்று சொல்லலாம். கடுமையாக இருப்பவர்களுக்கு இது மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழும். அத்தனை முறை எழுப்பப்பட்டும் காலையில் அவருக்கு ஒன்றுமே நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் ஏன் களைப்பாக இருக்கிறது என்று மட்டும் குழம்புவார்.

இங்கே ஒரு முக்கியமான பாடம். வீட்டார் பயப்பட வேண்டியது குறட்டையின் சத்தத்துக்கு அல்ல. சத்தத்துக்கு நடுவே வரும் அமைதிக்கு. "அப்பாடா, நிறுத்திவிட்டார்" என்று நாம் நிம்மதி அடையும் அந்தக் கணத்தில்தான் மூச்சு நின்றிருக்கக்கூடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

இரவில்:
1. ஏறக்குறைய தினமும், எந்தப் பக்கம் படுத்தாலும், பக்கத்து அறைக்குக் கேட்கும் குறட்டை.
2. இடையிடையே மூச்சு நிற்பது. பிறகு திணறலுடன் அல்லது உறுமலுடன் தொடர்வது.
3. மூச்சு முட்டித் திடுக்கிட்டு எழுந்து உட்காருவது.
4. சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுவது. இதைச் சர்க்கரை நோய் அல்லது வயது என்று மட்டுமே நினைத்து விட்டுவிடுகிறோம்.

பகலில்:
1. விழிக்கும்போதே தலைவலி, வாய் உலர்ந்திருத்தல், தூங்கி எழுந்த புத்துணர்வே இல்லாமை.
2. செய்தித்தாள் படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போதுகூடக் கண் செருகுவது.
3. எரிச்சல், மறதி, வேலையில் கவனக் குறைவு.
4. மூன்று மருந்து சாப்பிட்டும் அடங்காத இரத்த அழுத்தம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு அடைப்பின்போதும் இதயமும் இரத்தக் குழாய்களும் அதிர்ச்சிக்கு உள்ளாகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது இரத்தக் கொதிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் 69-ஆம் வயதில் மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் காரணமாகச் சொன்னது இந்தத் தூக்க மூச்சடைப்பையே. அதன் பிறகுதான் இந்நகரில் பலர் அப்பெயரை முதன்முறையாகக் கேட்டார்கள்.

டாக்சி, ரிக்ஷா, டெம்போ ஓட்டுபவர்களுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவர்களுக்கும் இன்னோர் ஆபத்து உண்டு. அதிவேக நெடுஞ்சாலையில் மூன்று விநாடி கண் அயர்ந்தாலே போதும். அவருடைய உயிர் மட்டுமா போகும்?

பருத்தவர்களுக்கு மட்டும் அல்ல

உடல் பருத்தவர்களுக்கு இது அதிகம் வருவது உண்மை. ஆனால் மெலிந்தவர்களுக்கும் வரும். தாடை சிறுத்தோ பின்னோக்கியோ அமைந்தவர்கள், டான்சில் பெருத்தவர்கள், தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் ஆகியோர் எடை குறைவாக இருந்தாலும் பாதிக்கப்படலாம்.

பெண்களின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மாஹிம் ஆய்வில் ஆண்கள் மட்டுமே இடம்பெற்றனர். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்நோய் வருவது கூடுகிறது. அவர்களிடம் பெருங்குறட்டை இல்லாமல், சோர்வு, காலைத் தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு என்று மட்டுமே அது வெளிப்படலாம். "வேலை அதிகம், அதனால் அசதி" என்று நம் தாய்மார்கள் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார்கள். கணவர் கேட்காத குறட்டையைப் பிள்ளைகளாவது கவனித்துச் சொல்ல வேண்டும்.

தூக்கக் குறைவா, தூக்க நோயா?

"லோக்கல் ரயிலில் ஏறியதும் எல்லோரும்தான் தூங்குகிறார்கள். எல்லோருக்கும் நோயா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வளர்ந்தவர்களுக்குத் தினமும் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அதிகாலை 4 மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, இரவு 12 மணிக்குப் படுப்பவருக்கு அது கிடைப்பதே இல்லை. அவருக்கு இருப்பது நோய் அல்ல, தூக்கக் கடன்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். அங்கே ஒரு வாரம் அலாரம் இல்லாமல் வேண்டிய அளவு தூங்கிய பிறகு பகல் தூக்கம் போய்விட்டால், மும்பையில் தூக்க நேரத்தைக் கூட்ட வழி பார்க்க வேண்டும். ஊரில் நன்றாகத் தூங்கியும் மதியம் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்கிறதென்றால், அது கடன் அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் உடன் வந்தவர்கள் "அண்ணாச்சி, ராத்திரி மூச்சே நின்னுட்டுதோன்னு பயந்துட்டோம்" என்று சொன்னால் அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பின் அறியாதவர் தந்த சாட்சி அது.

தூக்கம் வராத நோய்

படுத்தும் தூக்கம் வராமை, நடுவில் விழித்து மீண்டும் உறங்க முடியாமை, விடியுமுன் விழிப்பு ஆகியவை எப்போதாவது எல்லோருக்கும் வரும். வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்கள் தொடர்ந்து இருந்து, பகல் வேலையையும் பாதித்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை. மூன்று மணிக்கே விழிப்பு வருவதுடன் எதிலும் நாட்டமின்மையும் பசியின்மையும் சேர்ந்திருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். வேலை இழந்தவர்கள், துணையை இழந்தவர்கள், ஊரை விட்டு மகன் வீட்டுக்கு வந்து பேச ஆளின்றி இருக்கும் முதியவர்கள் ஆகியோரிடம் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் செய்யும் பெருந்தவறு, பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது. அது பழக்கமாகிவிடும், முதியவர்களைத் தடுமாறி விழச் செய்யும். தூக்க மூச்சடைப்பு உள்ளவருக்கு மாத்திரையும் மதுவும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி நிலைமையை மோசமாக்கக்கூடும். "ஒரு பெக் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும்" என்பவர் உண்மையில் தம் மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறார்.

நாட்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவ உலகம் முதலில் சொல்வது மாத்திரையை அல்ல, பழக்கச் சீரமைப்பை. என்றைக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது. படுக்கையைத் தூங்க மட்டும் பயன்படுத்துவது. 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, தூக்கம் வந்தபின் படுப்பது ஆகியவை அதன் சாரம். தனி அறைக்கு எங்கே போவது என்கிறீர்களா? விளக்கைப் போடாமல், கைபேசியைத் தொடாமல், ஜன்னலோரம் சற்று உட்கார்ந்திருந்தாலே போதும். குடித்த காப்பி, டீயில் உள்ள காஃபினில் பாதி சுமார் 5 மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும். ஆகவே மாலை 4 மணிக்கு மேல் கட்டிங் சாயைத் தவிர்ப்பது நல்லது.

கால் குடைச்சல்

"படுத்தால் கால் குடைகிறது, யாராவது அமுக்கிவிட்டால் தேவலை" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்போம். மாலையிலும் இரவிலும் ஓய்வாக இருக்கும்போது கூடி, காலை அசைத்தாலோ எழுந்து நடந்தாலோ குறைந்தால், அது முதுமையின் குறை மட்டும் அல்ல. பெயருள்ள ஒரு தூக்கக் கோளாறு. உடலில் இரும்புச்சத்துக் குறைவு இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் வரும். இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனை செய்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்படி இரும்புச்சத்து எடுத்துக்கொள்வதால் பலருக்குக் குணம் தெரிகிறது. சாப்பாட்டுடன் டீ குடிப்பது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

இரவு வேலையும் அதிகாலை வேலையும்

மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர், காவலாளிகள், கால் சென்டர் இளைஞர்கள், தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்கப் புறப்படுபவர்கள் ஆகிய அனைவரும் உடலின் கடிகாரத்துக்கு எதிராக உழைப்பவர்கள். ஷிப்டு மாறிப் பல வாரங்கள் ஆகியும் தூங்க வேண்டிய நேரத்தில் தூக்கமும், விழிக்க வேண்டிய நேரத்தில் விழிப்பும் வராவிட்டால் அதுவும் ஒரு தூக்கக் கோளாறே. அவர் உறங்கும் நேரத்தை வீட்டார் மதிக்க வேண்டும். ஜன்னலுக்கு அடர்நிறத் திரை, தொலைக்காட்சியின் ஒலிக்குறைப்பு, "அப்புறம் வாருங்கள்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பும் ஒருவர்: இவை போதும்.

பிள்ளைகளிடம் காணும் வேறு முகம்

குழந்தை குறட்டை விட்டால் நாம் ரசிக்கிறோம். அது சரியல்ல. சளி பிடித்த நாட்கள் நீங்கலாக, வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் குறட்டை விடும் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, தலையைப் பின்னுக்குச் சாய்த்து உறங்குவது, வியர்த்துக் கொட்டுவது, நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு மீண்டும் தொடங்குவது ஆகியவை மற்ற அறிகுறிகள். டான்சிலும், மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதையும் பெரும்பாலும் காரணம்.

பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். பிள்ளைகளோ பெரும்பாலும் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பார்கள், பாடத்தில் மனம் நில்லாது. "படிப்பில் கவனமில்லை" என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்தால், அடிக்கும் முன் அந்தப் பிள்ளை இரவில் எப்படி உறங்குகிறது என்று ஒரு மணி நேரம் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை.

பேயும் அல்ல, பிசாசும் அல்ல

விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், மார்பின் மேல் யாரோ அமர்ந்து அமுக்குவதுபோல் தோன்றுவதைப் பேய் அமுக்குவதாகச் சொல்வோம். கனவு காணும்போது உடல் அசையாதிருக்கத் தசைகள் பூட்டப்படுகின்றன. விழிப்பு முந்திக்கொண்டு பூட்டு திறக்கத் தாமதமானால் இப்படி நேரும். எப்போதாவது வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் மடங்கிப் போவதும் சேர்ந்திருந்தால் நார்கோலெப்சி என்னும் நோயாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, 50 வயதைக் கடந்தவர் கனவில் கத்தி, கைகாலை வீசிப் பக்கத்தில் படுத்தவரை அடித்தால் அதையும் ஒதுக்கிவிடக் கூடாது. சிலருக்கு இது பல ஆண்டுகள் கழித்து வரும் பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாக இருப்பதால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

மருத்துவரிடம் போகும்போது

முதலில், இரண்டு வாரம் ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், இரவு விழிப்புகள், பகல் தூக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாவதாக, உறங்குபவரின் குறட்டையையும் இடைவெளிகளையும் இரண்டு மூன்று நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அவரைக் கேலி செய்ய அல்ல, மருத்துவரிடம் காட்ட. மூன்றாவதாக, உடன் உறங்குபவர் கட்டாயம் கூடப் போக வேண்டும்.

குடும்ப மருத்துவரிடம் தொடங்கலாம். சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவையும் காது மூக்கு தொண்டைப் பிரிவையும் அணுகலாம். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். மூக்கருகே காற்றோட்டம், மார்பில் பட்டை, விரலில் பிராணவாயு அளவி என்று பொருத்தி இரவு முழுவதும் பதிவு செய்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. பலருக்கு வீட்டிலேயே செய்ய முடியும்.

சிகிச்சையும் உண்டு. எடையைக் குறைப்பது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, மதுவையும் புகையையும் விடுவது ஆகியவை லேசான நோய்க்கு உதவும். நடுத்தர, கடுமையான நிலைக்கு, மூக்கில் பொருத்தும் முகமூடி வழியாகக் காற்றை இதமான அழுத்தத்தில் செலுத்தி மூச்சுப் பாதை மூடாமல் காக்கும் சி-பாப் என்னும் கருவி உள்ளது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் இதை அறிமுகப்படுத்தினார். முதல் சில வாரங்கள் சிரமமாக இருக்கும். அப்போது கைவிடாமல் ஊக்குவிப்பது குடும்பத்தாரின் கடமை. பிள்ளைகளில் பலருக்கு டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சையே போதுமானதாகிறது.

வாசக அன்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு ஒரு கால் மணி நேரம் விழித்திருந்து கேளுங்கள். சீரான மூச்சுகள் என்றால் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள். குறட்டைக்கு நடுவே ஓர் அமைதி வந்து, அது நீண்டு, திணறலில் முடிந்தால், காலையில் அவரிடம் சொல்லுங்கள். "எனக்கா? நான் குறட்டையே விடுவதில்லையே" என்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவருக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்குத் தெரியும்.